டெட்ராசைக்ளின் ஜீனைத் தாவ வைத்ததா, தாவியதை மட்டும் பிழைக்க விட்டதா?

கயல்_எம்எஸ்சி

வணக்கம். எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி கடைசி செமஸ்டர். வைவாவுக்கு இன்னும் 5 வாரம்தான் இருக்கிறது, ஒரு சந்தேகத்தில் தூக்கம் போய்விட்டது.

என் ப்ராஜெக்ட் டிஎன்916 என்கிற ட்ரான்ஸ்போசான் பற்றியது. ஒரு பாக்டீரியாவின் குரோமோசோமிலிருந்து தன்னையே வெட்டிக்கொண்டு கிளம்பி, பக்கத்து பாக்டீரியாவுக்குள் போய் உட்காரும் ஜாதி. டெட்ராசைக்ளினைத் தாங்க வைக்கும் டெட்எம் ஜீன் இதற்குள்தான் இருக்கிறது. கொடுக்கிற பாக்டீரியா, வாங்குகிற பாக்டீரியா இரண்டுமே என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ். வாங்குவது ஜேஎச்2-2, அது ரிஃபாம்பிசினையும் ஃபியூசிடிக் அமிலத்தையும் தாங்கும், டெட்ராசைக்ளினைத் தாங்காது.

இரண்டையும் 1:10 கலந்து ஃபில்டரில் இறக்கி, ஃபில்டரை அகார் தட்டின் மேல் வைத்து, ராத்திரி முழுக்க 37 டிகிரியில் விட்டேன். ஒரு தட்டில் வெறும் அகார், இன்னொன்றில் மில்லிக்கு 0.5 மைக்ரோகிராம் டெட்ராசைக்ளின். காலையில் அலசி எடுத்து, மூன்று மருந்தும் போட்ட தட்டில் பரப்பினேன். வெறும் அகாரிலிருந்து வந்ததில் 38 காலனி, டெட்ராசைக்ளின் தட்டிலிருந்து வந்ததில் 304. அதே நீர்ப்பு, அதே அளவு.

கைடுக்கு ஒரே சந்தோஷம், "டெட்ராசைக்ளின் ட்ரான்ஸ்போசானைத் தூண்டுகிறது என்று எழுதிவிடு" என்கிறார். என் ரூம்மேட் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிக்கிறாள், அவள் ஒரே வார்த்தையில் "அது வெறும் செலெக்‌ஷன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். யார் சொல்வது சரி?

ஊமத்தம்பூ

ரூம்மேட்.

304-ஐ 38-ஆல் வகுத்துப் பாருங்கள். சரியாக 8. ஒரு செல் மூன்று முறை பிரிந்தால் எத்தனை ஆகும்? 8. ஃபில்டரில் ராத்திரி முழுக்க விட்டிருக்கிறீர்கள், ஃபீகாலிஸ் நல்ல சாப்பாடு கிடைத்தால் முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு முறை பிரிந்துவிடும். சாயங்காலம் 7 மணிக்கு ஒரே ஒரு செல் டிஎன்916 வாங்கியிருந்தாலும், டெட்ராசைக்ளின் இருக்கிற ஃபில்டரில் அதற்கு ராஜ வாழ்க்கைதான், ஏனென்றால் சுற்றியிருக்கிற மற்ற ஜேஎச்2-2 எல்லாம் மருந்தில் முடங்கிக் கிடக்கும். வெறும் அகாரில் அதே செல் கூட்டத்தோடு கூட்டமாகச் சோற்றுக்கு அடித்துக்கொள்ள வேண்டும். தாவல் ஒரு துளிகூடக் கூடாமலேயே உங்களுக்கு 8 மடங்கு வந்துவிடும்.

இந்தக் குழப்பம் புதிதல்ல. மருந்து மாற்றத்தை உண்டாக்குகிறதா, ஏற்கனவே இருக்கிற மாற்றத்தைப் பொறுக்குகிறதா என்பதற்குத்தான் லூரியாவும் டெல்ப்ரூக்கும் 1943-லேயே, மருந்துக்குப் பதில் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை வைத்து, கணக்கு போட்டுக் காட்டினார்கள். பிளாஸ்மிட்டுக்கும் (குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கிற டிஎன்ஏ வட்டம்) இதே கதை. 2016-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் லிங்சோங் யூ குழு, செல் வளர்ச்சியைக் கழித்துவிட்டு கான்ஜுகேஷன் (ஒரு செல் இன்னொன்றை ஒட்டி டிஎன்ஏ கொடுப்பது) வேகத்தை மட்டும் தனியாக அளந்து பார்த்தார்கள், பெரும்பாலும் ஆன்டிபயாடிக் அந்த வேகத்தைக் கூட்டவே இல்லை. கூடுவது போலத் தெரிந்ததெல்லாம் யார் பிழைத்தார்கள் என்கிற விஷயம்தான்.

"தூண்டுகிறது" என்று எழுதாதீர்கள். வைவாவில் வெளியிலிருந்து வருகிறவர் விவரமானவராக இருந்தால் முதல் கேள்வியே இதுதான்.

மீனா_போஸ்ட்டாக்

ஊமத்தம்பூ சொல்வது கயலின் சோதனையைப் பற்றி முழுக்கச் சரி. டிஎன்916 பற்றித் தவறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டார்.

பிளாஸ்மிட்டை வைத்து வந்த முடிவை அப்படியே இதற்குப் போட முடியாது, ஏனென்றால் இதில் தாவுகிற ஜீன்களும் மருந்தைத் தாங்கும் ஜீனும் ஒரே ஆர்என்ஏ இழையில் வருகின்றன, அதுதான் இதன் சூட்சுமமே. டெட்எம்முக்கு முன்னால் 28 அமினோ அமிலம் மட்டுமே உள்ள ஒரு குட்டிப் புரதத்துக்கான ஜீன் இருக்கிறது, ஓஆர்எஃப்12 என்று பெயர். சாதாரண நாளில் ஆர்என்ஏ பாலிமரேஸ் இந்த இடத்தில் புறப்பட்டு, டெட்எம்மைத் தொடுவதற்கு முன்பே ஒரு நிறுத்தத்தில் இறங்கிவிடும், பெரும்பாலும். டெட்ராசைக்ளின் வந்தால் செல் முழுக்கப் புரதம் கட்டும் வேலை மந்தமாகிறது, அமினோ அமிலம் ஏற்றிய டிஆர்என்ஏக்கள் செலவாகாமல் தேங்குகின்றன. ஏற்கனவே கசிந்து வந்த கொஞ்சூண்டு டெட்எம் புரதம் சில ரைபோசோம்களைக் காப்பாற்றி வைத்திருக்குமே, அந்த ரைபோசோமுக்கு இப்போது தட்டுப்பாடே கிடையாது, அது குட்டிப் புரதத்தைச் சரசரவென்று படித்துக்கொண்டு பாலிமரேஸின் முதுகை ஒட்டியே ஓடுகிறது. ஒட்டி ஓடுவதால் நிறுத்தத்துக்கான ஆர்என்ஏ மடிப்பு உருவாக இடமே இல்லை. பாலிமரேஸ் நிற்காமல் டெட்எம்மைத் தாண்டி, கடைசியில் இருக்கிற எக்ஸ்ஐஎஸ், ஐஎன்டி ஜீன்கள் வரை போய்விடும். இவை இரண்டும்தான் ட்ரான்ஸ்போசானை வெட்டி எடுக்கிற கத்திரிக்கோல். (இந்த நிறுத்த விளக்கம் 1992-ல் டான் க்ளூவெல் குழுவிலிருந்து வந்தது. டிஎன்916-ஐ முதலில் பிடித்தவர்களும் அவர்கள்தான்.)

இன்னும் ஒன்று இருக்கிறது, எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் அதுதான். பக்கத்து செல்லுக்குப் போக உதவுகிற ஜீன்கள் டிஎன்916-ன் எதிர்முனையில் இருக்கின்றன, இந்த ஆர்என்ஏ போகும் திசைக்குப் பின்னால். நேர்கோடாகக் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிற வரை இந்த வண்டி அங்கே போய்ச் சேரவே முடியாது, கடைசி ஸ்டேஷனைத் தாண்டினால் குரோமோசோமின் வேறு ஜீன்கள்தான். வெட்டிக்கொண்டு வெளியே வந்து இரண்டு முனையும் சேர்ந்து வட்டமானதும், தண்டவாளம் சுற்றி வந்து அந்த எதிர்முனையைத் தொடுகிறது, அப்போதுதான் அவை விழிக்கின்றன. பாரிஸில் செல்லி, த்ரியூ-குவோ இருவரும் 1998-ல் இதைக் காட்டினார்கள். ஆக, கிளம்பாத வரை பயணத்துக்கான சாமான் எதையும் அது செய்து வைப்பதே இல்லை. 18 கிலோபேஸ் (18,000 டிஎன்ஏ எழுத்து) நீளத்துக்குள் இவ்வளவு சிக்கனம்.

சரி, கயல், நீங்கள் செய்ய வேண்டியது:

கொடுக்கிற பாக்டீரியாவை மட்டும் தனியாக டெட்ராசைக்ளினில் வளருங்கள். அது தாங்கும், பயம் வேண்டாம், 2 மைக்ரோகிராம்கூடப் போடலாம். அப்புறம் சென்ட்ரிஃப்யூஜில் மூன்று முறை கழுவுங்கள். கழுவிய கடைசித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, ஜேஎச்2-2 பரப்பிய தட்டில் வையுங்கள். சொட்டு வைத்த இடத்தில் வழுக்கை விழுந்தால் மருந்து இன்னும் ஒட்டியிருக்கிறது, மறுபடி கழுவுங்கள். அதன் பிறகு மருந்தே இல்லாத ஃபில்டரில் கலந்து, ராத்திரி முழுக்க வேண்டாம், 4 மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். கொடுத்த செல் எத்தனை என்பதையும் எண்ணி, ஒரு கொடுக்கும் செல்லுக்கு எத்தனை தாவல் என்று எழுதுங்கள், வெறும் 304, 38 என்று போடாதீர்கள். கலந்த கணமே ஒரு பங்கை மூன்று மருந்துத் தட்டில் பரப்பிவிடவும் மறக்காதீர்கள், அதில் காலனி வந்தால் உங்கள் ஃபில்டருக்கு அதில் பங்கில்லை.

பிசிஆர் மெஷின் கிடைக்குமா? கிடைத்தால் டிஎன்916-ன் இரண்டு முனையிலிருந்தும் வெளியே பார்க்கிற மாதிரி ஒரு ஜோடி பிரைமர் வாங்குங்கள். குரோமோசோமில் நேராக உட்கார்ந்திருக்கும்போது இரண்டு பிரைமரும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும், ஒன்றும் வராது. வட்டமானால் மட்டும்தான் நேருக்கு நேர் பார்த்து ஒரு துண்டு வரும். இதில் யார் பிழைத்தார், யார் செத்தார் என்கிற பேச்சே இல்லை.

ஊமத்தம்பூ

பிசிஆரை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வட்டமானதெல்லாம் பக்கத்து செல்லுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தமில்லை, அதையும் எழுதும்போது நினைவில் வையுங்கள்.

பழைய_லேப்காரர்

நான் மருத்துவமனை லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன், ஆராய்ச்சிக்காரன் இல்லை. இந்தப் பேச்சைப் பார்த்ததும் 1992 கடைசி நினைவுக்கு வந்தது.

மெட்ராஸில் அப்போது காலரா கேஸ் வந்துகொண்டே இருந்தது. காலராவைப் பிடிக்கிற டிசிபிஎஸ் தட்டில் பார்த்தால் அச்சு அசல் காலராதான், மஞ்சள் மஞ்சளாகக் காலனி, ஆக்சிடேஸ் பாசிட்டிவ், எல்லாம் சரி. ஸ்லைடில், வழக்கமான காலரா வகையான ஓ1-ஐ அடையாளம் காட்டும் ஆன்டிசீரம் ஒரு சொட்டு விட்டு ஆட்டினால் திரியவே திரியாது, பால் மாதிரி கலங்கலாகவே நிற்கும். சீரம் கெட்டுப்போச்சு என்று நாங்கள் புது பாட்டில் உடைத்தோம், அதிலும் அதே கதை. அப்புறம்தான் தெரிந்தது, அது ஓ1 இல்லை, அதுவரை பட்டியலில் 138 வரை இருந்தது, இது 139. அடுத்த சில மாதத்தில் கல்கத்தா, பங்களாதேஷ் எல்லாம் போய்விட்டது.

எங்களுக்கு இன்னொரு ஆச்சரியம், செப்ட்ரான் (சல்ஃபாவும் ட்ரைமெத்தோப்ரிமும் கலந்த மருந்து, சுருக்கமாக எஸ்எக்ஸ்டி) வேலை செய்யவில்லை. எஸ்எக்ஸ்டி என்று அச்சடித்த அந்தச் சின்ன வட்டத் தாளை வைத்தால், சுற்றி ஒரு மில்லிமீட்டர்கூடத் தெளியாமல் தாளின் விளிம்பு வரைக்கும் வளர்ந்திருக்கும். ஏன் என்று எங்களுக்குத் தெரியாது, ரிப்போர்ட்டில் ஆர் (மருந்தைத் தாங்குகிறது) என்று போட்டு அனுப்பினோம். அதுவும் இப்படித் தாவுகிற ஜீன்தான் என்று பின்னால் யாரோ சொன்னார்கள். மீனா அம்மா, அது உண்மையா?

மீனா_போஸ்ட்டாக்

உண்மைதான் சார், அதற்குப் பெயரே உங்கள் வட்டத் தாளில் இருந்ததுதான், எஸ்எக்ஸ்டி! 1992-ல் மெட்ராஸில் பிரித்தெடுத்த எம்ஓ10 என்கிற ஸ்ட்ரெயினிலிருந்துதான் மேத்யூ வால்டர் அமெரிக்காவில் அதை அடையாளம் கண்டார், 1996-ல் கட்டுரை வந்தது. ஏறக்குறைய 100 கிலோபேஸ், குரோமோசோமில் பிஆர்எஃப்சி என்கிற ஜீனுக்குள் போய் உட்காரும். சல்ஃபா, ட்ரைமெத்தோப்ரிம், ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால் தாங்கும் ஜீன்களைச் சுமந்துகொண்டு வந்தது.

கயல், உங்களுக்கும் இது முக்கியம், ஏனென்றால் இது கிளம்புகிற விதம் டிஎன்916 மாதிரி இல்லை. எஸ்எக்ஸ்டியின் மேல் செட்ஆர் என்று ஒரு பூட்டு உட்கார்ந்திருக்கிறது. செல்லின் டிஎன்ஏ உடைந்தால் எஸ்ஓஎஸ் என்கிற அவசர ஏற்பாடு முழிக்கும், அதில் ரெக்ஏ புரதம் உடைந்த இழை மேல் படர்ந்து இந்தப் பூட்டைத் தன்னைத்தானே அறுத்துக்கொள்ள வைக்கும். பூட்டு போனதும் செட்சி, செட்டி என்கிற இரண்டு சாவிகள் வந்து, வெட்டுகிற ஜீனையும் பயண ஜீன்களையும் திறந்துவிடும். எதனால் டிஎன்ஏ உடைகிறது? மைட்டோமைசின் சி, அப்புறம் நம் ஊரில் வயிற்றுப்போக்கு என்றாலே கையில் திணிக்கிற சிப்ரோஃப்ளாக்சசின். 2004-ல் வால்டர் குழு இரண்டையும் போட்டுப் பார்த்தார்கள், தாவல் எகிறியது.

இங்கே ஒன்று கவனியுங்கள். எஸ்எக்ஸ்டியில் சிப்ரோவைத் தாங்கும் ஜீனே கிடையாது. ஊமத்தம்பூவின் "பிழைத்தவன் பெருகினான்" கணக்கு இங்கே ஓடாது, சிப்ரோ இருக்கிற இடத்தில் எஸ்எக்ஸ்டி வாங்கியவனுக்கு ஒரு லாபமும் இல்லையே. சிப்ரோ கொடுத்தால் செப்ட்ரானுக்கு எதிரான ஜீன் பரவுகிறது. செலெக்‌ஷனா தூண்டலா என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்து இதைவிடச் சுத்தமான பதில் இல்லை.

பழைய_லேப்காரர்

நன்றி அம்மா. அன்று வேலை செய்யாத மருந்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள் என்பது இன்றுதான் தெரிந்தது.

கயல்_எம்எஸ்சி

எல்லோருக்கும் நன்றி, எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கிறது. இன்னொரு கேள்வி, மீனா அக்கா. ஆன்டிபயாடிக் தவிர வேறு கெமிக்கல் எதற்காவது இப்படி நடக்குமா? கைடு "பாதரசம்" என்று ஏதோ சொன்னார், கேட்க பயமாக இருந்தது.

மீனா_போஸ்ட்டாக்

நடக்கும். பாதரசம் சரிதான், சூடோமோனாஸ் ஏருஜினோசாவிலிருந்து வந்த டிஎன்501-ல் பாதரசத்தைத் தாங்கும் ஜீன்களுக்குப் பின்னாலேயே ட்ரான்ஸ்போசேஸ் ஜீன் இருக்கிறது, கொஞ்சம் பாதரசம் போட்டால் முன்னது படிக்கப்படும்போது ஆர்என்ஏ வழிந்து பின்னதுக்குள்ளும் போகும். உங்கள் டிஎன்916 கதையின் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது வேறு. சூடோமோனாஸ் நாக்முசி பி13 என்று ஒரு பாக்டீரியா, ஜெர்மனியில் கண்டெடுத்தது, 3-குளோரோபென்சோயேட் என்கிற விஷத்தைச் சாப்பிட்டு வாழும். அந்தச் சாப்பாட்டுக்கான ஜீன்கள் ஐசிஇசிஎல்சி என்கிற 103 கிலோபேஸ் தாவும் துண்டில் இருக்கின்றன. லோசானில் வான் டெர் மீர் குழு பல வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 3-குளோரோபென்சோயேட் தின்று முடித்து, வளர்ச்சி நின்ற பிறகு, 100 செல்லில் 3 முதல் 5 செல் மட்டும் தாவலுக்குத் தயாராகும், மீதி எல்லாம் சும்மா இருக்கும். ஒரே ஜீன், ஒரே சாப்பாடு, ஒரே குடுவை! தயாராகிற அந்தச் சில செல்களும் சரியாகப் பெருக முடியாமல் போகின்றன, கிட்டத்தட்டத் தியாகிகள். குடுவை முழுக்கச் சராசரி எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு இது கண்ணிலேயே படாது.

குடலில் இருக்கிற பாக்டீராய்டிஸ் கதையையும் படியுங்கள். சிடிஎன்டாட் என்று 65 கிலோபேஸ் துண்டு, இல்லினாய்ஸில் அபிகெய்ல் சாலியர்ஸ், நாட்ஜா ஷூமேக்கர் இருவரும் ஆராய்ந்தது. டெட்ராசைக்ளின் இல்லாமல் தாவல் கண்ணில் படுவதே அரிது, மில்லிக்கு 1 மைக்ரோகிராமில் முன்கூட்டியே வளர்த்தால் 100 முதல் 1000 மடங்கு வரை கூடும். அவர்கள் முறையே நான் உங்களுக்குச் சொன்ன முறைதான், கொடுக்கிறதை மட்டும் முதலில் மருந்தில் வளர்ப்பது. 1970-க்கு முன்பு சேகரித்த பாக்டீராய்டிஸில் ஏறக்குறைய 30 சதவீதத்தில் இருந்த டெட்க்யூ என்கிற டெட்ராசைக்ளினைத் தாங்கும் ஜீன், 1990-களில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தது, அதுவும் நோயே இல்லாதவர்களின் குடலிலும்.

ஊமத்தம்பூ

அந்த 30, 80-ல் எவ்வளவு தூண்டல், எவ்வளவு செலெக்‌ஷன்? பிரிக்கவே முடியாது. குடலில் யாரும் மூன்று முறை கழுவுவதில்லை.

மீனா_போஸ்ட்டாக்

அதுதான் உண்மை, வாதாட மாட்டேன். ஆனால் தூண்டல் இல்லாமல் செலெக்‌ஷனுக்குப் பொறுக்குவதற்கு ஆளே இருந்திருக்காது என்பேன்.

இன்னொன்று, மருந்தும் விஷமும்தான் கெமிக்கல் என்றில்லை. பாசில்லஸ் சப்டிலிஸில் ஐசிஇபிஎஸ்1 என்ற துண்டு பிஎச்ஆர்ஐ என்று ஒரு குட்டி பெப்டைடை வெளியே விடுகிறது. சுற்றிலும் அந்த பெப்டைட் நிறைய இருந்தால், பக்கத்து வீட்டில் எல்லோரிடமும் ஏற்கனவே இந்தத் துண்டு இருக்கிறது என்று அர்த்தம், கிளம்பாது. குறைவாக இருந்தால் கிளம்பும். 2005-ல் ஆலன் கிராஸ்மன் குழு எழுதியது. ஊர் முழுக்கச் சொந்தக்காரர்களாக இருந்தால் அங்கே பெண் கேட்டுப் போகாத மாதிரி.

கயல்_எம்எஸ்சி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், நடுவில் ஆட்டோகிளேவ் கெட்டுப்போனது.

கழுவிச் செய்தேன். முதல் தடவை சொட்டு வைத்த இடத்தில் சின்னதாக வழுக்கை விழுந்தது, அக்கா சொன்னது நல்லதாகப் போயிற்று, நான்காவது முறை கழுவியதும் ஒன்றுமில்லை. 4 மணி நேர ஃபில்டர், மூன்று தடவை திரும்பச் செய்தேன். கலந்த கணமே பரப்பிய தட்டில் காலனி இல்லை. மருந்தில் வளர்த்தது வளர்க்காததைவிட ஒரு தடவை 4 மடங்கு, ஒரு தடவை 3, ஒரு தடவை கிட்டத்தட்ட 5. எட்டு இல்லை. கைடிடம் காட்டினேன், கொஞ்சம் முகம் வாடினார், அப்புறம் அவரே "பழைய எட்டையும் போடு, ஏன் எட்டு வந்தது என்பதையும் எழுது" என்றார். ஊமத்தம்பூ சாரின் மூன்று முறை பிரிகிற கணக்கை அப்படியே எழுதிவிட்டேன்.

பிசிஆரும் ஓட்டினேன். டெட்ராசைக்ளின் லேனில் நல்ல பளிச்சென்று ஒரு பட்டை, மருந்து இல்லாத லேனில் மங்கல். ஆனால் டிஎன்ஏவே போடாத லேனிலும் லேசாக ஒரு கோடு தெரிகிறது. இதை வைத்து எழுதலாமா?

ஊமத்தம்பூ

கூடாது.

மீனா_போஸ்ட்டாக்

அந்த ஜெல்லைத் தூக்கிப் போடுங்கள். பிரைமர், தண்ணீர், டிப் எல்லாம் புதிதாக எடுத்து, கல்ச்சர் கையாண்ட மேஜையில் இல்லாமல் வேறு மேஜையில் கலந்து ஓட்டுங்கள். தண்ணீர் யாருடையது, பொது பாட்டிலா?

கயல்_எம்எஸ்சி

பொது பாட்டில்தான் அக்கா. லேபில் எல்லோரும் அதிலிருந்துதான் எடுக்கிறோம். நாளைக்கு 2 மணிக்கு மெஷின் புக் செய்திருக்கிறேன், புதிதாக ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்.